ஒரு குவளை சம்மதம்

பச்சை எரியாமல் எந்த மாணவனும் மாட்டைத் தொடக் கூடாது என்பது சட்டம். நாற்பது மாடுகளுக்குச் சினைப் பரிசோதனை செய்யாமல் எந்த மாணவனும் டாக்டராகக் கூடாது என்பது அதைவிடப் பழைய சட்டம். இரண்டுக்கும் நடுவில், கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குவளையோடு முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள்.

தெற்குச் சீமையில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி, அதன் போதனை மருத்துவமனை. சாணமும் பினாயிலும் கலந்த வாடை வாசல் வரை வந்து ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். இங்கே வைத்தியம் இலவசம். அதற்கு ஈடாக மாணவர்கள் உங்கள் மாட்டில் கை பழகுவார்கள். மாட்டுக்காரர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மாட்டுக்கு இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்டதில்லை, இரண்டு வருடம் முன்பு இசைவுச் சட்டம் வரும்வரை.

"ஏட்டி, இது என்னத்துக்கு மாட்டுக்குப் பெல்ட்டு?"

கேட்டவள் செல்லக்கனி. மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு சினை பிடிக்காத தன் கலப்பின மாட்டை, விடிந்ததும் வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் நின்ற மாட்டின் கழுத்தில் முப்பிடாதி நான்கு விரல் அகலப் பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த மருத்துவமனையில் அதுதான் அவள் வேலை.

"சம்மதம் கேக்கதுக்கு சித்தி."

"யாருகிட்ட?"

"மாட்டுகிட்டதான்."

செல்லக்கனி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "எனக்குக் கல்யாணம் பேசும்போது எவனும் என்கிட்ட கேக்கலட்டி. எங்க அய்யா தலைய ஆட்டினாரு, முடிஞ்சு போச்சு. மாட்டுக்கு வந்த வாழ்வப் பாரேன்! சரி, எப்படிச் சொல்லும்?"

"அதோட நாடித்துடிப்பு, தோலு, கழுத்து நரம்பு எல்லாத்தையும் இந்தப் பட்டை பாக்கும். பச்சை எரிஞ்சா தொடலாம். மஞ்சள்னா காத்திருக்கணும். சிவப்புன்னா டாக்டர் மட்டும் வைத்தியம் பாப்பாவ, படிக்க பிள்ளையள் தொடக் கூடாது. எல்லாம் அப்பப்பவே மெட்ராஸ்ல இருக்க சர்வருக்குப் போயிரும். ஏமாத்த முடியாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் செல்லக்கனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டை சிவப்பாக எரிந்தது. பின்னால் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு நின்ற கிங்ஸ்லி, அர்ச்சகரிடம் கேட்பதுபோல் உள்ளங்கையைக் குவித்து நீட்டினான். "அக்கா, தீர்த்தம்."

இறுதியாண்டு மாணவன். சாயர்புரம் பக்கம். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

முப்பிடாதி வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு மாட்டின் இடது காதின் அடியில் மெதுவாக ஊற்றினாள். காதுக்குள் போகாமல், ஆனால் போய்விடுமோ என்று மாட்டுக்குத் தோன்றும்படி. மாடு தலையை ஆட்டியது. கழுத்து ஆடியது. தோலெல்லாம் அலை அலையாக ஓடி, வால் நுனிவரை ஒரு முறை உதறி அடங்கியது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது.

"நாப்பது செகண்டுதான் நிக்கும்," என்றாள்.

கிங்ஸ்லியின் கை உள்ளே போய்விட்டது. முதல் தொடுகையில் பச்சை இருந்தால் பதிவு செல்லும். அதற்குப் பிறகு என்ன எரிந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

செல்லக்கனி கண்ணை அகல விரித்தாள். "அட பாவி மக்கா! இது நம்ம கோயில்ல கெடாவுக்குப் பண்ணுததுல்லா!"

மாணவர்கள் சிரித்தார்கள். முப்பிடாதி குவளையை வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனாள்.

செல்லக்கனி சொன்னது சரிதான். முப்பிடாதியின் ஊர்ச் சுடலைமாடன் கொடை விழாவில் கிடா வெட்டும் முன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாவும் சம்மதித்துவிட்டது என்று கணக்கு. சிலுப்பாவிட்டால் இன்னொரு செம்பு. அப்புறமும் நின்றால் காதுக்குள் கொஞ்சம். உத்தரவு வாங்காமல் கிடாவைத் திருப்பிக் கூட்டிப்போன குடும்பம் எதுவும் அந்த ஊரில் இல்லை.

சட்டம் வந்த முதல் நான்கு மாதத்தில் இந்த மருத்துவமனையில் எரிந்த பச்சை மொத்தமே ஒன்பது. அறுபது பேர் படிக்கிறார்கள். ஒரு பையன் மாட்டின் நெற்றியில் நெற்றி வைத்து அழுதான். ஒரு பெண் வீட்டிலிருந்து வெல்லம் கொண்டுவந்தாள். மாடு வெல்லத்தைத் தின்றுவிட்டுச் சிவப்பே காட்டியது. கல்லூரித் தொழுவத்தில், மாணவர்கள் பழகுவதற்கென்றே வைத்திருந்த ஒரு செவலைப் பசு, யார் கிட்டே போனாலும் சிவப்பு. ஒன்பது வருடமாக வாரம் ஆறு நாள் கை பட்ட மாடு அது. அதற்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில், ஈ மொய்க்கிறதே என்று முப்பிடாதி எதிர்க்கட்சியின் தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். அது உதறியது. பட்டை பச்சையானது. பட்டைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினாள். மறுபடி பச்சை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிடா விஷயத்தையும் சேர்த்து ஒரு வேடிக்கையாக டீன் தாணுலிங்கத்திடம் போய்ச் சொன்னாள்.

டாக்டர் தாணுலிங்கம் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அது 'ஈரத் தளர்வு முறை' ஆகி, அவர் பெயரில் ஓர் ஆய்விதழில் வந்தது. உதறி முடித்த உடம்பு சற்று நேரம் தளர்ந்து கிடக்கும், அந்தத் தளர்ச்சியைப் பட்டை இணக்கம் என்று படிக்கிறது. விஷயம் அவ்வளவுதான். ஆய்விதழில் அதைச் சொல்ல அவருக்கு எட்டுப் பக்கம் ஆனது.

அதன்பின் பச்சைக்குப் பஞ்சமில்லை. போன வருடம் ஐம்பத்தெட்டுப் பேர் டாக்டராகிப் போனார்கள்.

திங்கட்கிழமை மதியம் டீன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காரும்மா." அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை. "வியாழக்கிழமை இசைவுச் சட்டக் கமிட்டி வருது. நம்ம முறையை நேர்ல பாக்கணுமாம். எதிர்க்கட்சியை வச்சே காட்டிருவோம். பன்னிரண்டு பேருக்கு அன்னிக்கே கடைசிப் பதிவும் முடிஞ்சிரும்."

"சரி சார்."

"இதைப் படி." ஒரு சுற்றறிக்கையை நீட்டினார்.

படித்தாள். அடுத்த மாதம் முதல் மனிதர்களுக்கான மருத்துவக் கல்லூரிகளிலும் போதனை வார்டுகளில் இதே பட்டை. மாணவர்கள் கை பழகும் நோயாளிகள் வாயால் சொல்லும் சம்மதம் நம்பகமானதல்ல என்பதால், இனி பட்டையின் பச்சையே செல்லும்.

"நம்ம பட்டையிலயே ஏத்திட்டாங்க," என்றார் டீன். "மாடு, எருமை, ஆடு, நாய், குதிரைன்னு வரும்ல? கீழ தள்ளிப் பாரு. மனிதர்னு புதுசா ஒண்ணு இருக்கும். நர்சுங்களுக்குப் பழக்கிவிட ஒரு ஆள் வேணும்னு கேட்டாங்க. நான் உன் பேரைக் கொடுத்திருக்கேன். கான்ட்ராக்ட் இல்ல, நிரந்தர வேலை. வியாழக்கிழமை நல்லபடியா முடிஞ்சா ஆர்டர் அன்னிக்கே உன் கையில."

"மனுசங்க சிலுப்ப மாட்டாங்களே சார்."

"ஈரத் துண்டால முகத்தையும் பின்கழுத்தையும் துடைச்சுவிட்டா ஒரு பெருமூச்சு விடுவாங்க. அது போதுமாம். பட்டை செய்யுற கம்பெனியில சோதனை பண்ணிட்டாங்க." அவர் மகிழ்ச்சியாக இருந்தார். "யோசிச்சுப் பாரு. பாதியில படிப்பை விட்ட பொண்ணு. டாக்டர்களுக்கே பாடம் எடுக்கப் போற."

அவள் இதே கல்லூரியில் மூன்றாம் வருடம் வரை படித்தவள். முப்பத்திரண்டு மாடுகளுக்குள் கைவிட்டவள். கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் போய்ப் படுத்தபோது, ஒரு பேராசிரியை பதினோரு மாணவர்களோடு வந்தார். "என்னம்மா, பிள்ளைங்க பாத்துக்கலாமா?" என்றார். கேள்வி முடிவதற்குள் முதல் மாணவன் கையுறை மாட்டியாகிவிட்டது. முப்பிடாதி தலையை ஆட்டினாள். பதினோரு முறை கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஏழாவது கை குளிர்ந்து இருந்தது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிள்ளை நன்றாகப் பிறந்தது. அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. பிள்ளைக்காகத்தான் படிப்பை விட்டாள் என்று ஊர் சொன்னது. அதுவே போதுமென்று இவளும் விட்டுவிட்டாள். பிறகு, சட்டம் வந்து பட்டைக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாக வந்து வரிசையில் நின்றாள். எதற்காக வந்தாள் என்பதை இரண்டு வருடத்தில் ஒரு குவளை தண்ணீர் அழித்துவிட்டது.

புதன்கிழமை ஒத்திகை. எதிர்க்கட்சியைக் குழாய்ச் சட்டத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். முப்பிடாதி வெறும் குவளையோடு வாளியைத் தேடிக்கொண்டு அதன் முகத்துக்கு முன்னால் நடந்தாள். மாடு குவளையைப் பார்த்தது. பார்த்ததும் தலையிலிருந்து வால்வரை உதறியது.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பட்டை பச்சை.

"அக்கா!" கிங்ஸ்லி துள்ளினான். "தண்ணியே வேண்டாம்! எதிர்க்கட்சி ஆளுங்கட்சியில சேந்துட்டு!"

எல்லாரும் கைதட்டினார்கள். முப்பிடாதி குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நாற்பது வினாடி கழித்துச் சிவப்பு. குவளையை எடுத்துக் காட்டினாள். உதறல், பச்சை. மாட்டின் கண்ணில் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறவன் பேருந்தில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டுவதுபோல உதறியது. எத்தனை முறை வேண்டாம் என்றாலும் அது முடியப் போவதில்லை, உதறினால் சீக்கிரம் முடியும். அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று முப்பிடாதிக்குத் தெரியும்.

மற்றவர்கள் போன பிறகு கிங்ஸ்லியிடம் சொன்னாள். "நாளைக்கு நான் ஊத்தப் போறதில்ல."

"என்னது?"

"குவளையைத் தொட மாட்டேன். சிவப்புன்னா சிவப்பு."

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அக்கா, எனக்கு முப்பத்தொம்பது ஆச்சு. நாளைக்கு நாப்பதாவது. விட்டா ஆறு மாசம் போச்சு. எங்க வீட்ல என்னைய இப்பவே டாக்டர்னுதான் கூப்பிடுதாவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? சரி, என்னைய விடுங்க. போன வருசம் போன அம்பத்தெட்டுப் பேரு? அவங்க பச்சையும் உங்க தண்ணியிலதான எரிஞ்சிச்சு? நாளைக்கு நீங்க வாயத் தொறந்தா அவங்க டிகிரிய யாரு காப்பாத்துவா?"

"என்னால முடியாது."

"நல்லாருக்குக்கா." அவன் கையுறையைச் சுருட்டி வாளிக்குள் எறிந்தான். "நீங்க பாதியில விட்டீங்க. அதுக்காக எங்களையும் பாதியில இறக்கிவிடப் பாக்காதீங்க. இப்ப மட்டும் திடீர்னு மாட்டு மேல பாசமாக்கும்?"

"பாசம் ஒண்ணும் இல்லலே. போன மாசம் அது என்னைய முட்டித் தள்ளிச்சு, இன்னும் விலா வலிக்கு." தரையைப் பார்த்துச் சொன்னாள். "எப்பவும் வேண்டாம்னே சொன்ன ஒரே மாடு அதுதான். அதையும் சரின்னு சொல்ல வச்சுட்டேன். அடுத்த மாசம் வார்டுக்குப் போயி பொம்பளையளுக்கு முகத்தைத் துடைக்கணுமாம். நான் துடைக்க மாட்டேன்."

அவன் வாளியைக் காலால் தள்ளிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவி சுலோசனா. ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, காலில் ரப்பர் பூட்ஸ். புடவையோடு பூட்ஸ் போட்டு வருகிறவள் தொழுவம் தெரிந்தவள் என்று முப்பிடாதி நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மாணவர்கள் வரிசையில். கிங்ஸ்லி முதல் ஆள்.

பட்டையைக் கட்டினாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் சிவப்பு நிறைந்தது.

"ஆரம்பிம்மா," என்றார் டீன்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"அது வேண்டாங்குது சார். திரையில எரியுது பாருங்க."

டீன் கமிட்டியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவள் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன விளையாட்டு இது? ஆர்டர் என் மேஜையில கிடக்கு," என்றார்.

"கிடக்கட்டும் சார்."

அவரே குவளையை எடுத்தார். மாடு பார்த்தது, உதறியது, திரை பச்சையானது. கமிட்டியில் ஒருவர் 'ஆகா' என்றார். "தண்ணீர்கூடத் தேவைப்படலை, கவனிச்சீங்களா?" என்றார் டீன், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "விலங்கே முறையை உள்வாங்கிட்டுது. கிங்ஸ்லி, கமான்."

கிங்ஸ்லி முப்பிடாதியைப் பார்க்காமல் போனான். மாட்டின் வாலை ஒதுக்கினான். கை முழங்கைவரை உள்ளே போனது.

முப்பிடாதி சுவரோரம் போய், கன்றுகளுக்குக் கொம்பு சுடும் இரும்பை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். சூடில்லாத இரும்புதான். ஆனாலும் கமிட்டியில் ஒருவர் இரண்டடி பின்னால் போனார். அவள் அதைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"மேடம், பச்சை எரியுது. இதால சுடலாமா?"

"முப்பிடாதி!" என்று கத்தினார் டீன்.

"எதுக்குச் சம்மதம்னு பட்டையில எங்கயும் எழுதலையே சார். கை விடதுக்கா, கொம்பு சுடதுக்கா, கழுத்தறுக்கதுக்கா? எல்லாத்துக்கும் இதே பச்சைதான். இது குவளைக்குச் சொன்ன சரி. உங்களுக்கு யாருக்கும் சொல்லல. இந்தத் தண்ணி வித்தையக் கண்டுபிடிச்சவ நான்தான். அதனால நான்தான் சொல்லணும். இது பொய்."

மாடு அசை போட்டது. திரையில் பச்சை மங்கி, மஞ்சளாகி, சிவந்தது. கிங்ஸ்லியின் கை தோள்வரை உள்ளே இருந்தது.

"நாப்பது செகண்டு முடிஞ்சுட்டு," என்றாள் முப்பிடாதி. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாருக்கும்தான் சொன்னாள்.

"கன்டின்யூ," என்றார் டீன். "முதல் தொடுகைதான் கணக்கு. கர்ப்பப்பையைத் தொட்டாச்சா?"

கிங்ஸ்லி திரையைப் பார்த்தான். கையை வெளியே எடுத்தான்.

"இல்ல சார்."

"ஏன் எடுத்தே?"

"சிவப்பு சார்."

"மறுபடி காட்டுறேன். உள்ள விடு."

"வேண்டாம் சார்." சாணம் சொட்டும் கையுறையோடு வரிசையை விட்டு விலகி நின்றான். முப்பிடாதியின் பக்கம் திரும்பி, கண் கலங்க, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "எல்லாம் உங்களாலதான்க்கா. நாசமாப் போங்க."

மற்ற பதினோரு பேரும் முடித்தார்கள். டீன் பதினோரு முறை குவளையைக் காட்டினார். பதினோரு முறையும் எதிர்க்கட்சி உதறியது. பதினோரு பதிவுகள் சர்வருக்குப் போயின. உலகம் அப்படியேதான் இருந்தது.

கை கழுவும் குழாயடியில் சுலோசனா வந்து பூட்ஸைக் கழுவினாள். முப்பிடாதி குழாயைத் திறந்துவிட்டாள்.

"எந்த ஊரு நீ?"

சொன்னாள்.

"அதான் தண்ணி." சுலோசனா தலையசைத்தாள். "மேக்க ஒரு காலேஜ்ல மூக்குத் துவாரத்துல ஊதுறாங்க. டெல்டா பக்கம் வால் அடியில சொறிஞ்சு விடுறாங்க. இன்னொரு ஊர்ல கன்னுக்குட்டி கத்துற சத்தத்தை ரெக்கார்டு பண்ணி வச்சுப் போடுறாங்க. முப்பத்தொரு காலேஜ் பாத்துட்டேன். முப்பத்தொரு வழி இருக்கு."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"கம்பெனிக்கே தெரியும். வேண்டாம்னு மட்டும் சொல்ற பட்டையை எந்த அரசாங்கம் வாங்கும், சொல்லு. பச்சைக்கு ஒரு சந்து விட்டுத்தான் செஞ்சிருக்காங்க. எந்தச் சந்துன்னு அந்தந்த ஊர்க்காரங்க கண்டுபிடிச்சுக்கிறாங்க. அவ்வளவுதான்." பூட்ஸைத் தட்டினாள். "பயப்படாதே. யாரோட டிகிரியும் போகாது. போக விடமாட்டாங்க."

"நான் பேசினத என்னன்னு எழுதப் போறீங்க?"

சுலோசனா கையிலிருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாக இருந்தது. பச்சை கிடைத்ததா, எத்தனை முறை, எத்தனை வினாடி. "பச்சை கிடைச்சுது, எழுதிட்டேன். ஊத்த மாட்டேன்னு ஒருத்தி சொன்னா அதை எழுத இதுல கட்டம் இல்லம்மா. நீதான் முதல் ஆள்." படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு டீன் அறையில் இரண்டாவது முறையாக அவளை உட்காரச் சொன்னார்கள். அலுவலகக் கண்காணிப்பாளரும் இருந்தார். மேஜை மேல் ஒரு தட்டச்சுக் காகிதம், பேனா, டீனுக்கு மூடி வைத்த தண்ணீர் டம்ளர்.

"எனக்கு உன்மேல கோபம் இல்ல," என்றார் டீன். "வேலையை விட்டுத் தூக்கினா ஏன் தூக்கினேன்னு மேல கேப்பாங்க. பதில் எழுதணும். உனக்கும் கெட்ட பேர், எனக்கும் தலைவலி. நீயே விலகிக்கோ. கௌரவமா இருக்கும்."

அவள் படித்தாள். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் முழு விருப்பத்தின் பேரில், பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

"இதுல கையெழுத்துப் போடணுமா சார்?"

"ஒரே ஒரு கையெழுத்து."

கையோடு கொண்டுவந்திருந்த பையிலிருந்து, அதன் கைத்திரையோடு சேர்த்துப் பட்டையை எடுத்தாள். மாலையில் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியது. மாட்டு மயிர் இன்னும் ஒட்டியிருந்தது. விசையை அழுத்திக் கீழே கீழே தள்ளினாள். மாடு, எருமை, ஆடு, நாய், குதிரை. மனிதர். மாட்டுக்குக் கேட்காத பெயரையும், செய்யப்போகும் செயலையும் பட்டை கேட்டது. முப்பிடாதி, விருப்ப விலகல் என்று தட்டினாள். தன் கழுத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினாள்.

"என்ன பண்றே?"

"ஒரு நிமிசம் சார். கேட்டுப் பாத்துருவோம்."

பட்டை சிவந்தது. கண்காணிப்பாளரின் மூக்குக்கண்ணாடியில் அந்தச் சிவப்பு இரண்டு புள்ளியாகத் தெரிந்தது.

"அதைக் கழட்டு," என்றார் டீன்.

"கழட்டினாலும் பிரயோஜனம் இல்ல சார், சர்வருக்குப் போயிட்டு. இந்தக் கல்லூரி, இன்னிக்குத் தேதி, மனிதர், பேரு முப்பிடாதி, விருப்ப விலகல். இசைவு இல்லை." ஒவ்வொன்றாகக் கைத்திரையில் படித்துச் சொன்னாள். "மனிதர்ல இதுதான் முதல் பதிவு போலிருக்கு. வரிசை எண் ஒண்ணுன்னு காட்டுது. அடுத்த மாசம் வார்டுல படுத்திருக்கவளுக்கு இது செல்லும்னா, இன்னிக்கு எனக்கும் செல்லணும்ல?"

"சார், இப்ப கையெழுத்து வாங்கினா..." என்று கண்காணிப்பாளர் இழுத்தார். "சர்வர் பதிவோட முரண்படும் சார்."

மின்விசிறி ஓடியது. ஒரு நிமிடம் போயிற்று. பட்டை சிவப்பாகவே இருந்தது. டீனின் பார்வை அவள் கழுத்திலிருந்து கிளம்பி, மேஜை வழியாக நகர்ந்து, தண்ணீர் டம்ளரில் போய் நின்றது. அவர் வேண்டுமென்று பார்த்தாரா என்று சொல்ல முடியாது. இரண்டு வருடப் பழக்கம்.

முப்பிடாதியும் அந்த டம்ளரைப் பார்த்தாள். கையை நீட்டி அதை எடுத்தாள். மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் மடமடவென்று குடித்தாள். காலி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டோம்னு டைப் அடிச்சுக் கொண்டாங்க சார். ஏன்னும் அதுலயே எழுதுங்க. வாங்கிக்கிடுதேன்."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.